பியானோ ஹாமருக்குக் காகிதப் பட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று பியானோ பார்க்கப் போகும் வீடுகளிலும் சபைகளிலும், என்னோடு வேலை பழக வரும் பிள்ளைகளிடமும் இந்த ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன். பெயர்கள் மட்டும் முதலில். கம்பியை அடிக்கும் கம்பளித் தலை ஹாமர். அதைத் தாங்கும் குச்சி ஷாங்க். குச்சி கீல் போல ஆடுவதற்கு இடம் தரும் சின்ன மரத்துண்டு பிளேஞ்ச். பிளேஞ்சுகள் எல்லாம் வரிசையாகத் திருகி உட்காரும் நீளச் சட்டம் ரெயில். கீலுக்குள் ஓடும் மெல்லிய ஊசி சென்டர் பின்.

பியானோவுக்குள்ள காகிதத்துக்கு என்ன வேலை அங்கிள்? யாரோ மறந்து விட்டுட்டுப் போனதுன்னு நினைச்சேன்.

யாரும் மறக்கவில்லை. ஹாமர் நேராக எழுந்து, தனக்குரிய கம்பிகளை நடுவில் அடிக்க வேண்டும். பிளேஞ்ச் ரெயிலின்மேல் துளி சாய்ந்து உட்கார்ந்தாலோ, சென்டர் பின் போகும் துளை துளி கோணலாக இருந்தாலோ, ஹாமர் எழும்போது இடமோ வலமோ ஓடும். பிளேஞ்சுக்கு அடியில் ஒரு ஓரமாக மெல்லிய காகிதப் பட்டையை வைத்துத் திருகை இறுக்கினால் அந்தச் சாய்வு சரியாகும். ஆடும் மேசைக் காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைக்கிறோமே, அதே கணக்கு.

ஓடுகிற ஹாமரை அப்படியே விட்டால் மூன்று கம்பிகளில் இரண்டை மட்டும் அடிக்கும், அல்லது பக்கத்து ஹாமரை உரசும். பக்கவாட்டு இழுப்பால் சென்டர் பின்னைச் சுற்றியிருக்கும் துணியும் சீக்கிரம் தேயும்.

ஹாமர் கோணலாப் போகுதுன்னு கண்ணால பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் ஒரு ஹாமரை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏமாற்றும். ஆக்‌ஷனை (ஹாமர்கள், பிளேஞ்சுகள், ரெயில் எல்லாம் சேர்ந்த அசையும் பகுதியை) மேசைமேல் வைத்து, ஏழெட்டு ஹாமர்களின் ஷாங்குகளுக்கு அடியில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக மெதுவாகத் தூக்குங்கள். ஹாமர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். கீழே இருக்கும்போது இருந்த அளவே மேலே போகும்போதும் இருந்தால் நேர். ஓரிடத்தில் இடைவெளி ஒடுங்கி மறுபக்கம் அகன்றால், நடுவில் இருப்பவர்தான் ஓடுகிறார்.

பேஸ் பக்கம், அதாவது தாழ்ந்த சுரங்கள் இருக்கும் பக்கம், ஹாமர் தலைகள் ஷாங்கில் சாய்வாகவே ஒட்டப்பட்டிருக்கும். கம்பிகள் குறுக்காக ஓடுவதால் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்கிறார்கள். அந்தச் சாய்வைக் குறை என்று நினைத்துக் காகிதம் வைக்கப் போகாதீர்கள். பார்க்க வேண்டியது தலை எப்படி நிற்கிறது என்பதை அல்ல, போகும் வழியில் இடைவெளி மாறுகிறதா என்பதை.

சரி, ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சு. உடனே காகிதம் வச்சிடலாமா?

வேண்டாம். முதலில் எல்லாப் பிளேஞ்ச் திருகுகளையும் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கோடையில் ஈரம் குடித்து உப்பிய மரம் குளிர்காலத்தில் சுருங்கும்போது திருகின் பிடி தளரும். தளர்ந்த பிளேஞ்ச் எங்கே வேண்டுமானாலும் திரும்பும். இறுக்கிய பிறகு நேராகிவிட்ட ஹாமர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். 'டக் டக்' என்று ஒரு தட்டல் கேட்கிறது, காகிதம் வைத்தால் போகுமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். தட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த திருகு.

அப்புறம் சென்டர் பின். பிளேஞ்சை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹாமர் தலையை இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் பின் தளர்ந்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் தடித்த பின்னாக மாற்றிய பிறகுதான் காகிதத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆட்டம் உள்ள கீலுக்குக் காகிதம் வைத்தால் இன்றைக்கு நேராகப் போகும் ஹாமர் நாளைக்கு வேறு பக்கம் போகும். திருகு, பின், அதன் பிறகு காகிதம். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை வேலை.

எந்தக் காகிதம் வாங்கணும்? பியானோ சாமான் கடையிலதான் கிடைக்குமா?

பியானோ உதிரிப்பாகம் விற்பவர்களிடம் இதற்கென்றே பசை பூசிய காகிதப் பட்டை கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னச் சுருளுக்காகத் தருவிக்க வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். நமக்கு வேண்டியது ஒரு பக்கம் உலர்ந்த பசை உள்ள, ஈரம் பட்டால் ஒட்டும், சாதாரணப் பழுப்புக் காகித டேப். சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைகளில் படத்தின் பின்புறத்தை மூடி ஒட்டுவது இதே டேப்தான். நீர்வண்ண ஓவியம் வரைபவர்கள் தாளை இழுத்துப் பலகையில் ஒட்டுவதும் இதைக் கொண்டுதான். ஆகவே சட்டக் கடை, ஓவியச் சாமான் கடை, பெட்டி கட்டும் சாமான் விற்கும் கடை என்று மூன்று இடத்தில் கேட்கலாம்.

வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெட்டி ஒட்டும் டேப்பில் சில வகைகளுக்கு நடுவே கண்ணாடி இழை நூல் ஓடும். அது வேண்டவே வேண்டாம். நூல் இருக்கும் இடம் மேடாக இருக்கும், சீராக வெட்டவும் வராது. வெறும் காகிதம், ஒரே தடிமன், வழவழப்பான முகம் போதும். பழைய ஆட்கள் தபால்தலைத் தாளின் வெற்று ஓரத்தைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். நல்ல மெல்லிய காகிதம், பின்னால் பசையும் இருக்கும். இப்போது தபால்தலைகள் தாமே ஒட்டும் வகையாகிவிட்டதால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

மாஸ்கிங் டேப் வீட்டுலயே கிடக்கு. அது போதாதா?

போதாது. மாஸ்கிங் டேப் சுருக்கம் விட்ட காகிதம், அழுத்தினால் நசுங்கும். இன்றைக்கு வைத்த உயரம் சில மாதம் கழித்து இருக்காது. அதன் பசை எப்போதும் பிசுபிசுப்பாகவே இருப்பது. டர்பன் பிப்ரவரி வெக்கையில் இளகி ஓரமாக வழியும், பிளேஞ்சும் மெல்ல நகரும். செல்லோ டேப்பும் அப்படித்தான், வழுக்கும். ஈரம் பட்டு ஒட்டும் பசை காய்ந்ததும் கெட்டியாகிவிடுகிறது. நமக்கு வேண்டியது அந்தக் கெட்டித்தன்மைதான்.

காகிதம் எவ்வளவு தடிமனா இருக்கணும்? அளக்க மெஷின் இல்லையே.

அலுவலகத்தில் அச்சடிக்கும் 80 கிராம் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். சட்டக் கடை டேப்பும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் பத்துத் துண்டுகளை அடுக்கி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் துண்டை அளப்பதைவிட இது நம்பகமானது.

இந்த 0.1 என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போடுவோம். பிளேஞ்சின் அடி அகலம் 9 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தை 0.1 உயர்த்தினால் 90-க்கு 1 என்ற சாய்வு கிடைக்கிறது. கிராண்டில் (கம்பிகள் படுத்திருக்கும் பெரிய பியானோவில்) ஹாமர் கம்பிவரை எழும் தூரம் சுமார் 45 மி.மீ. ஆக, மேலே போய்ச் சேரும்போது தலை பக்கவாட்டில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பக்கத்து ஹாமருக்கும் இதற்கும் நடுவே இருப்பதே கொஞ்ச இடம்தான் என்பதால் அரை மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை.

அதற்கும் குறைவான திருத்தம் வேண்டும் என்றால் இன்னும் மெல்லிய காகிதம் தேவை. சிகரெட் சுற்றும் தாள் இதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சபைப் போதகர் வீட்டில் போய் அந்தப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வெட்டுறது எப்படி? கத்தரிக்கோல்ல வெட்டினா சுருண்டு சுருண்டு போகுது.

கத்தரிக்கோல் வேண்டாம். கண்ணாடித் துண்டின்மேலோ வெட்டுப் பாயிலோ டேப்பைப் பசைப்பக்கம் கீழாக விரித்து, இரும்பு அளவுகோல் வைத்து, புது பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். அகலம் 2 முதல் 3 மி.மீ. நீளம் ஒரு விரல் அளவு இருக்கட்டும், பிளேஞ்சைவிட நீளமாக இருந்தால்தான் பிடித்து வேலை செய்ய வரும். டேப்பின் நீளவாக்கிலேயே காகித இழையும் ஓடுவதால் அந்தத் திசையில் வெட்டு சுத்தமாக வரும்.

அகலத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டை அகலமானால் தாக்கம் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பிளேஞ்ச் சாய்ந்து நிற்பது பட்டையின் உள்விளிம்பில். பட்டை அகலமாக ஆக, அந்த விளிம்பு திருகை நோக்கி வருகிறது, சாய்வு கூடுகிறது. ஒரு வேலை முழுக்க ஒரே அகலத்தில் வெட்டிக்கொண்டால் எந்தக் காகிதம் எவ்வளவு நகர்த்தும் என்பது கைக்குப் பழகிவிடும்.

எச்சில் தொட்டு ஒட்டுறாங்களே, வாத்தியத்துல எச்சில் படலாமா?

இதைக் கேட்டவர் சரஸ்வதி பூஜைக்குப் பியானோவுக்கும் பொட்டு வைக்கும் ஒரு பாட்டி. உலகம் முழுக்கப் பல டெக்னீஷியன்கள் நாக்கில் தொட்டுத்தான் ஒட்டுகிறார்கள், அதனால் வாத்தியத்துக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு மனசு ஒப்பாது என்றால் எதற்கு? ஒரு பாட்டில் மூடியில் ஸ்பாஞ்சுத் துண்டை நனைத்துப் பிழிந்து வையுங்கள். பட்டையின் முனையை அதில் ஒரு தடவை தொட்டால் போதும். நானும் அப்படித்தான் செய்கிறேன். நாள் முழுக்கப் பசையை நக்கிக்கொண்டிருப்பதும் ருசியான காரியம் இல்லை.

ஈரம் குறைவாக இருக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைத்தால் பசை கரைந்து ஓடிவிடும், மரமும் ஈரம் குடிக்கும்.

பசையில மாட்டு எலும்பு இருக்காமே? நாங்க சைவம்.

பழைய காலத்துப் பசை டேப்புகளில் விலங்குப் பசை உண்டு. இப்போது வருவதில் பெரும்பகுதி மாவுப்பசை. பொட்டலத்தைப் பார்த்தோ கடைக்காரரைக் கேட்டோ மாவுப்பசை டேப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே: ஹாமர் தலை ஆட்டுக் கம்பளி, ஷாங்கின் அடியில் இருக்கும் உருளை பெரும்பாலும் தோல். பியானோ சைவம் இல்லை.

எந்தப் பக்கம் வைக்கணும்? ஒவ்வொரு தடவையும் குழம்புது.

கிராண்டில் விதி எளிது: ஹாமர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காகிதம். நீங்கள் வாசிப்பவர் இடத்தில் இருந்து பார்க்கிறீர்கள், ஹாமர் எழும்போது வலப்பக்கம் போகிறது. பிளேஞ்சின் வலது ஓரத்துக்கு அடியில் பட்டை. வலது ஓரம் உயர்ந்தால் கீலின் அச்சு இடப்பக்கம் சரியும், ஹாமரும் இடப்பக்கம் திரும்பும்.

திருகை முழுக்கக் கழற்ற வேண்டாம், ஓரிரு சுற்றுத் தளர்த்தினால் போதும். பட்டையின் முனையை மட்டும் நனைத்து, சாமணத்தால் பிடித்து, முன்னிருந்து பின்னாகப் பிளேஞ்சின் முழு நீளத்துக்கும் ஓரத்தை ஒட்டினாற்போல் செருகுங்கள். பாதி நீளத்துக்கு மட்டும் வைத்தால் பிளேஞ்ச் முன்பின்னாகவும் சாய்ந்துவிடும். திருகை இறுக்கி, ஹாமரைத் தூக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலைப் பிளேஞ்சின் விளிம்பில் அழுத்திக் கிழித்துவிடுங்கள். சரியில்லை என்றால் வால் இருப்பதால் இழுத்து எடுப்பதும் சுலபம். காகிதம் காய்வதற்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

அப்ரைட்லயும் இதே விதிதானா?

இல்லை, அதனால்தான் தனியாக எழுதுகிறேன். அப்ரைட்டில் (கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் பியானோவில்) ஹாமர் நின்றுகொண்டு முன்னோக்கிப் போகிறது, பிளேஞ்ச் ரெயிலின் எந்த முகத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறும். மனப்பாட விதியை நம்பாமல், பசை நனைக்காத பட்டை ஒன்றை ஒரு பக்கம் செருகி, திருகை இறுக்கிப் பாருங்கள். ஓட்டம் குறைந்தால் அந்தப் பக்கம், கூடினால் மறுபக்கம். ஒரே ஹாமரில் கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பியானோவில் அதே வகைப் பிளேஞ்சுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் விதி.

டேப் வாங்கி வச்சேன், ரெண்டு மாசத்துல சுருள் முழுக்க ஒட்டிக்கிச்சு.

நம்ம ஊர் காற்று அப்படி. ஈரம் பட்டால் ஒட்டும் பசைக்கு டர்பன் கோடைக் காற்றே போதும், தனியாகத் தண்ணீர் தேவையில்லை. மியர்பேங்க், இசிப்பிங்கோ மாதிரி கடலோரத்தில் இன்னும் மோசம். பெரிய சுருளாக வைத்துக்கொள்ளாமல், தேவையான அளவு பட்டைகளை வெட்டி, பழைய பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு இறுக்கி மூடுங்கள். மருந்துப் பாட்டிலிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் அந்தச் சின்னப் பொட்டலம்தான்.

பிளேஞ்சுக்கு அடியில் போய்த் திருகு இறுகிய பிறகு இந்தக் கவலை கிடையாது. அங்கே காகிதத்தைப் பிடித்து வைத்திருப்பது திருகின் அழுத்தம். பசை, வைக்கும் நேரத்தில் நழுவாமல் இருப்பதற்கு மட்டும்.

வட்டமா ஓட்டை போட்ட காகிதம் ஒரு பெட்டி நிறைய இருக்கு. அதை நறுக்கிப் பயன்படுத்தலாமா?

அது சாவிகளுக்கு (விரலால் அழுத்தும் கட்டைகளுக்கு) அடியில், சாவியின் ஊசியைச் சுற்றி உட்காரும் வளையம். சாவியின் உயரத்தையும் அது அமுங்கும் ஆழத்தையும் சரிசெய்ய வெவ்வேறு தடிமனில் வருகிறது. நறுக்கினால் காகிதம் காகிதம்தான், ஆனால் பசை இல்லை, நீளமும் பற்றாது. அதை அதன் வேலைக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு காகிதம் பத்தலை. ரெண்டு, மூணுன்னு அடுக்கிட்டே போகலாமா?

இரண்டு வரை சரி. மூன்றாவதுக்குக் கை போகும்போது நிறுத்துங்கள். மேலே போட்ட கணக்குப்படி மூன்று என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டம். அவ்வளவு ஓடினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பிளேஞ்சைக் கழற்றி அடியைப் பாருங்கள். பெரும்பாலும் மறுபக்கத்தில் யாரோ முன்பு வைத்த காகிதம் இருக்கும், அல்லது பழைய பசைக் கட்டி, தூசி, மரச்சிம்பு. அதுவும் இல்லை என்றால் துளையே கோணல், புது பிளேஞ்சுதான் வழி.

பழைய பியானோல ஏற்கெனவே நிறைய காகிதம் ஒட்டியிருக்கு. எல்லாத்தையும் சுரண்டிட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டா?

அதே ஷாங்கும் பிளேஞ்சும் தொடர்ந்து இருக்கப் போகிறது என்றால் தொடாதீர்கள். ஒவ்வொரு காகிதமும் அந்தப் பிளேஞ்சின் கோணலுக்கென்று யாரோ பார்த்துப் பார்த்து வைத்தது. கழற்ற வேண்டி வந்தால் பென்சிலால் எண் போட்டு, காகிதம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஷாங்கும் பிளேஞ்சும் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் நேர் எதிர்: ரெயிலில் ஒட்டியிருக்கும் பழைய காகிதம் ஒரு துணுக்குக்கூட மிஞ்சக் கூடாது. பழைய கோணலுக்கு வைத்த மருந்து புதிய பிளேஞ்சுக்கு நோய். ஈரத்துணியைச் சற்று நேரம் வைத்துப் பசையை ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள், உளியால் சுரண்டி ரெயிலில் பள்ளம் விழவிடாதீர்கள்.

எங்க வீட்டு கவாய்ல பிளேஞ்ச் பிளாஸ்டிக். காகிதம் ஒட்டுமா?

கவாய் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் ஆக்‌ஷன் பாகங்கள் செய்கிறது. ஈரப் பசை அதில் சரியாகப் பிடிக்காது. ஆனால் முன்பே சொன்னபடி காகிதத்தைப் பிடிப்பது திருகு என்பதால் வேலை நடக்கும், வைக்கும்போது நழுவாமல் சாமணத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாகங்கள் ஈரத்துக்கு உப்புவதில்லை என்பதால் பருவத்துக்குப் பருவம் ஓட்டம் மாறுவதும் குறைவு.

லெனேசியாவிலிருந்து பியானோவை இங்க கொண்டுவந்தோம். அங்க எல்லாம் சரியா இருந்துச்சு, இப்ப ஹாமர் ஓடுது. மறுபடி காகிதமா?

பொறுங்கள். லெனேசியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது, அங்கே குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. அங்கே காய்ந்திருந்த மரமும் கம்பளியும் டர்பனுக்கு வந்ததும் ஈரம் குடித்து உப்ப ஆரம்பிக்கும். ஹாமர் ஓடுவதோடு சில கீல்கள் இறுகி மந்தமாவதையும் பார்ப்பீர்கள். சில வாரங்கள் ஒரே அறையில், ஜன்னல் வெயில் படாமல் விட்டுவைத்து, மரம் அடங்கிய பிறகு மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். வந்த வாரமே காகிதம் வைத்தால், மரம் அடங்கியதும் அந்தக் காகிதத்தையே எடுக்க வேண்டி வரலாம்.

இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. மரம் சுருங்கித் திருகுகள் எல்லாம் தளரும்.

பஜனை ஆர்மோனியத்துக்கும் இது உதவுமா?

உதவாது. அதில் ஹாமரே இல்லை.

சபைல கிராண்ட் இருக்கு, ஆள் கூப்பிடக் காசு இல்லை. நாங்களே பண்ணிக்கலாமா?

காகிதம் வைப்பது கைப்பழக்கம், பொறுமையுள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம். பயம் அதில் இல்லை, ஆக்‌ஷனை வெளியே இழுப்பதில் இருக்கிறது. இழுக்கும்போது ஒரு சாவியின்மேல் விரல் பட்டுவிட்டால் அந்த ஹாமர் எழும், மேலே இருக்கும் பலகையில் மாட்டும், ஷாங்க் முறியும். இரண்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கிறது, ஒருவர் கை எங்கே இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. முதல் முறை தெரிந்தவர் ஒருவரை அழைத்து அவர் இழுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாவிகளைத் தொடாமல் நேராக இழுப்பதும், பிறகு அதே மாதிரி உள்ளே தள்ளுவதும் கைவந்துவிட்டால் மற்றதைச் சபைப் பிள்ளைகளே செய்யலாம்.

காகிதம் வச்சேன், இப்ப நேராத்தான் போகுது. ஆனா தலை சாய்ஞ்சு நிக்குதே?

நிற்கும். பிளேஞ்சைச் சாய்த்தால் ஷாங்கும் தலையும் அதோடு சேர்ந்துதான் சாயும். 0.1 மி.மீ. காகிதத்துக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல். அதற்காகக் காகிதத்தை எடுத்துவிடாதீர்கள். ஓட்டம் நேரான பிறகு தலையை நிமிர்த்துவது அடுத்த வேலை. ஷாங்கைச் சூடுகாட்டி, மரம் இளகியதும் மெதுவாக முறுக்கி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். சூட்டுக்காற்றுத் துப்பாக்கி போதும், ஸ்பிரிட் விளக்கு என்றால் கம்பளியிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

அதன் பிறகுதான் கம்பிக்கு நேராக ஹாமரை நகர்த்தும் வேலை. திருகைத் துளி தளர்த்திப் பிளேஞ்சையே இடம் வலம் திருப்பி இறுக்குவது. தலையை முதலில் நிமிர்த்திவிட்டுக் காகிதம் வைத்தவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். நிமிர்த்தியதை மறுபடி நிமிர்த்துவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.